நின்ற பின்னும் ஏறும் வெப்பம்

அடுப்பை அணைத்தால் பாத்திரம் ஆறத் தொடங்குகிறது. காரின் எஞ்சினும் அப்படித்தான் என்று நாம் எண்ணுகிறோம். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திய கணத்திலிருந்து அதன் எல்லா உறுப்புகளும் குளிரத் தொடங்கிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அன்பர்களே, நெடுந்தொலைவு வேகமாக ஓடி வந்த காரின் பெட்ரோல் குழாயில் ஒரு வெப்பமானியைக் கட்டிவைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது காட்டிய அளவைவிட, நின்ற பிறகே அது அதிகமாகக் காட்டும். கால் மணி, அரை மணி நேரம் வரைகூட ஏறிக்கொண்டே போகும். அதன் பிறகுதான் இறங்கத் தொடங்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடும்போது விசிறி காற்றை வீசுகிறது. குளிர்விக்கும் நீரோ எண்ணெயோ சுற்றி வருகிறது. தொட்டியிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் இடைவிடாமல் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றால் இம்மூன்றும் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பில் தேங்கிய வெப்பம் எங்கும் போய்விடவில்லை. அது கடத்தல், சலனம், கதிர்வீசல் ஆகிய மூன்று வழிகளிலும் பக்கத்தில் உள்ள குளிர்ந்த பொருள்களைத் தேடிப் போகிறது. அவற்றுள் ஒன்று பெட்ரோல் குழாய்.

பெரும்பாலான கார்களில் இதனால் பெருந்தொல்லை இல்லை. டர்போ பொருத்திய பழைய விளையாட்டுக் கார்களிலோ இது ஒரு தீராத நோயாகவே இருந்து வந்தது. 1975 முதல் 1989 வரை ஜெர்மனியில் செய்யப்பட்ட போர்ஷே 911 டர்போவை எடுத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் பட்டறைக்கு வந்து சொல்லும் முறையீடு பெரும்பாலும் இப்படி இருக்கும்: காலையில் ஒரே திருப்பலில் கிளம்புகிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் குறையின்றி ஓடுகிறது. பெட்ரோல் நிரப்ப நிறுத்தி ஐந்து நிமிடத்தில் கிளப்பினால் கிளம்புகிறது. உணவுக்காக நிறுத்தி அரைமணி கழித்து வந்தாலோ, பாட்டரி களைத்துப் போகும்வரை சுழற்றினாலும் அசைவதில்லை. மூன்று மணி நேரம் கழித்துப் போனால் மறுபடியும் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடுகிறது!

இந்த நோயை அறிய, அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகைக்கு இன்னமும் ஆற்றல் உண்டு. அதைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள அமுக்கியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்பது ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹியின் கருத்து. 1905-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் பயன்பட்ட இந்தக் கருவி, விற்பனைக்குரிய கார்களில் ஏற 1962 ஆயிற்று. அவ்வாண்டு அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற இரு கார்கள் வந்தன. ஜெட்ஃபயர் எஞ்சினில் வெப்பம் மிகுந்து எரிபொருள் தகாத நேரத்தில் வெடிப்பதைத் தடுக்க, நீரும் மெதனாலும் கலந்த நீர்மத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். உரிமையாளர்கள் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கார் இரண்டே ஆண்டுகளில் மறைந்தது. டர்போ வந்த இடமெல்லாம் வெப்பமும் உடன் வரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது எனலாம்.

ஐரோப்பாவில் 1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. பெட்ரோல் நெருக்கடியும் அதே ஆண்டில் வந்து சேர்ந்ததால் 1,672 கார்களோடு அதன் கதை முடிந்தது. போர்ஷே நிறுவனம் 1972, 1973 ஆண்டுகளில் அமெரிக்கக் கேன்-ஆம் பந்தயங்களில் டர்போவை நன்கு பழகிக்கொண்டு, 1974 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போவை வைத்தது. 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன், காற்றைச் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 0.8 வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தில் திணிக்கும் ஒற்றை டர்போ. எஞ்சின் காரின் பின்புறத்தில், தாழ்ந்த ஒரு மூடிக்கு அடியில் அடைபட்டிருக்கும். அதைக் குளிர்விப்பது நீர் அல்ல. பெல்ட்டால் சுழலும் பெரிய விசிறி. எஞ்சின் நின்றால் விசிறியும் நிற்கும்.

முழு விசையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகை 800, 900° செல்சியஸ்வரை சூடேறக்கூடியது. அந்தப் புகை பாயும் டர்போவின் இரும்புக்கூடு மங்கிய சிவப்பாக ஒளிர்வதும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 5 கிலோ இரும்பு 500°-லிருந்து 100°-க்கு ஆறுகிறது என்று கொள்க. இரும்பின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு, ஏறத்தாழ 0.45 கிலோஜூல். ஆகவே அது வெளிவிடும் வெப்பம் 900 கிலோஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க இது போதும். இத்தனையும், காற்று வீச்சு நின்றுபோன ஒரு மூடிய அறைக்குள், கார் நின்ற பின்னர் வெளிப்படுகிறது. எஞ்சினின் வெப்பத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, பெட்ரோல் சூடானால் என்ன? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு சோதனை காட்டுவோம். குடுவையில் நீரைக் கொதிக்கவைத்து, சுடரிலிருந்து எடுத்து, இறுகத் தக்கையிட்டுத் தலைகீழாகப் பிடித்து, குடுவையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவோம். அடங்கியிருந்த நீர் மறுபடி கொதிக்கத் தொடங்கும்! குளிர வைத்தால் கொதிக்கிறதே என்று மாணவர்கள் வியப்பார்கள். குடுவைக்குள் இருந்த நீராவி சுருங்கி அழுத்தம் குறைந்ததால் கொதிநிலையும் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். பிரஷர் குக்கரில் இதற்கு நேர்மாறு நடக்கிறது. அழுத்தம் ஏறுவதால் நீர் 100°-ஐத் தாண்டியும் நீராகவே இருக்கிறது.

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. திறந்த கலத்தில் அதன் இலகுவான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கடைசிப் பகுதி போக 200° வரை ஆகும். 38° செ. அளவில் அதன் ஆவியழுத்தம் ஏறத்தாழ 0.6 வளிமண்டலம் என்றால், 60° அளவில் அது இரு மடங்காகிறது; 80°-இல் 2 வளிமண்டலத்தையும் கடக்கிறது. அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கும்வரை பெட்ரோல் நீர்மமாக இருக்கும். அழுத்தம் போய்விட்டால் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழியாகிவிடும். குமிழி நசுங்கும்; நீர்மம் நசுங்காது. பம்பு எவ்வளவு தள்ளினாலும் முதலில் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே அதன் உழைப்பு கழிகிறது. இதையே ஆவியடைப்பு என்கிறோம்.

கார்புரேட்டர் காலத்துக் கார்களுக்கும் இது புதிதன்று. அவற்றின் பம்பு சூடான எஞ்சின் மேலேயே அமர்ந்து, தொலைவில் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. கொதிப்பதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டுமா? நம் மலைப்பாதைகளில் பழைய கார் ஓட்டிகள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

போர்ஷே டர்போவில் கார்புரேட்டர் இல்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1973-இல் அறிமுகம் செய்த கே-ஜெட்ரானிக் என்ற தெளிப்பு முறை அதில் இருந்தது. 'கே' என்பது 'தொடர்ச்சியான' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. மின்சார பம்பு பெட்ரோலை 5, 6 வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டை உயர்த்துகிறது. தட்டு ஒரு சிறு தண்டை உயர்த்துகிறது. அத்தண்டு, வேண்டிய அளவு பெட்ரோலை ஆறு சிலிண்டர்களுக்கும் பகிர்ந்து விடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் ஒரு தராசில் நிறுப்பது போன்ற ஏற்பாடு. தெளிப்பான்கள் ஏறக்குறைய மூன்றரை வளிமண்டலத்தில் தாமாகத் திறந்து, எஞ்சின் ஓடும்வரை இடைவிடாது தெளிக்கின்றன.

எஞ்சின் ஓடும்போது இந்த உயர் அழுத்தத்தில் பெட்ரோல் கொதிக்க வழியில்லை. நின்ற பிறகு? பாஷ் பொறியாளர்கள் இதை எண்ணிப் பார்த்திருந்தார்கள். பம்பின் வாயில் ஓர் ஒருவழி வால்வு வைத்தார்கள். அதற்கு அடுத்து, பட்டறைகளில் அக்குமுலேட்டர் என்று சொல்லப்படும் அழுத்தத் தேக்கியை வைத்தார்கள். பார்வைக்கு ஒரு தகர டப்பா போன்றது. உள்ளே ரப்பர் சவ்வு. அதன் பின்னால் ஒரு சுருள்வில். ஓடும்போது பெட்ரோல் சவ்வைத் தள்ளி வில்லை இறுக்குகிறது. நின்றதும் வில் சவ்வை மெல்லத் திருப்பித் தள்ளி, குழாயில் அழுத்தம் சட்டென விழாமல் காக்கிறது.

எவ்வளவு அழுத்தம் மிஞ்ச வேண்டும்? மூன்றரை வளிமண்டலத்துக்கு மேல் மிஞ்சினால், நின்ற எஞ்சினுக்குள் தெளிப்பான்கள் பெட்ரோலைச் சொட்டிக்கொண்டே இருக்கும். மிகக் குறைந்தால் பெட்ரோல் கொதித்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட குறுகிய சந்தில், அரைமணி நேரம் அழுத்தத்தைப் பிடித்து வைக்க வேண்டும். 260 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரில் என்னைக் கவர்ந்த உறுப்பு டர்போ அன்று. இந்தத் தகர டப்பாதான்.

இனி நோயறிதலுக்கு வருவோம். ஜெர்மனியில் ஒரு பட்டறையில், அரைமணி நேரம் நின்ற சூடான கார் ஒன்றின் பின்னால் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல்கிறதா? 'டிக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டால் பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். செம்புக் கம்பியின் மின்தடை 20°-லிருந்து 100°-க்குப் போகும்போது ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுகிறது. புகைக்குழாயின் அருகே வெந்துகொண்டிருக்கும் பழைய மோட்டாருக்கும், அதன் காந்தச் சுருளுக்கும், துருப்பிடித்த இணைப்புகளுக்கும் அதுவே போதுமான சாக்கு. நன்றாகச் சுழல்கிறது என்றால் அடுத்தது தீப்பொறி. குளிர்ந்தபோது ஒழுங்காக வேலை செய்து, சூட்டில் மட்டும் கைவிடும் மின் உறுப்புகள் உண்டு.

பொறி நன்றாக இருந்தால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இந்த இடம்தான் பலரை ஏமாற்றுவது. வெளியே ஒரே அறிகுறி. உள்ளே நேர் எதிரான இரண்டு நோய்கள். பிளக் உலர்ந்து, பெட்ரோல் வாடையே இல்லாமல் இருந்தால், எஞ்சின் பட்டினி கிடக்கிறது. குழாயில் இருப்பது ஆவி. பிளக் நனைந்து, வாடை மூக்கைத் துளைத்தால், எஞ்சின் அளவுக்கு மீறி உண்டுவிட்டது. தெளிப்பானோ, குளிர்காலத் துவக்கத்துக்கென உள்ள தனி வால்வோ ஒழுகியிருக்கிறது. சூட்டில் கலவையைக் குறைக்க வேண்டிய சீராக்கி தன் வேலையை மறந்திருந்தாலும் இப்படி ஆகலாம். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

உலர்ந்த நோயாளிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினைச் சுழற்றாமல் பம்பை மட்டும் சில வினாடிகள் ஓடவிட்டு, பிறகு கிளப்புங்கள். உடனே கிளம்பினால் சந்தேகம் தீர்ந்தது: பம்பு நசுக்கியது குமிழிகளைத்தான். மிஞ்சியிருக்க வேண்டிய அழுத்தம் எங்கோ கசிந்துவிட்டது.

எங்கே? இப்போது அழுத்தமானி வேண்டும். பகிர்வானுக்கும் சீராக்கிக்கும் இடையே அதைப் பொருத்தி, காரை நன்றாகச் சூடேற்றி நிறுத்திவிட்டு, கடிகாரத்தோடு உட்கார வேண்டியதுதான். 20 நிமிடம் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது பரபரப்பான வேலை அன்று. அதைச் செய்யப் பொறுமை இல்லாமல், விலையுயர்ந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவர்கள் பலர். அழுத்தம் விழும் வேகத்தைப் பத்து நிமிடத்தில், இருபது நிமிடத்தில் என்று குறித்து, அந்தக் காரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

நின்ற உடனேயே முள் சரிந்தால் முதல் சந்தேகம் பம்பின் ஒருவழி வால்வின் மேல். கிணற்று பம்பின் ஃபுட் வால்வு பழுதானால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். குழாய்நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுபடி குடத்தால் நீர் ஊற்றினால்தான் பம்பு இறைக்கும். இங்கும் அதே கதை. வளையக்கூடிய குழாய் உள்ள இடத்தில், எஞ்சினை நிறுத்தியவுடன் பம்புக்கு அப்பால் இறுக்கிப் பிடித்தால் முள் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் குற்றவாளி வால்வுதான்.

முள் நிற்கவில்லையா? அழுத்தத் தேக்கியின் பின்புறத்திலிருந்து தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றுங்கள். அங்கே பெட்ரோல் வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. பத்து, இருபது ஆண்டுகள் வெந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும்? அதுவும் இல்லையென்றால், தொட்டிக்குத் திரும்பும் குழாயை அடைத்துப் பாருங்கள். அப்போது அழுத்தம் நின்றால், பகிர்வானுக்குள் இருக்கும் அழுத்த வால்வின் சிறு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. எல்லா உறுப்புகளிலும் மலிவானது அது; கடைசியில் அகப்படுவதும் பல நேரங்களில் அதுவே! இவை எதுவும் இல்லையென்றால் தெளிப்பான்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் துளி திரள்கிறதா என்று கவனிக்க வேண்டும். சிக்கலான மின்சுற்றில் ஒவ்வொரு கிளையாகத் துண்டித்துக் கசிவைத் தேடுவதைப் போன்றதே இது.

ஓர் எச்சரிக்கை. இந்த வேலையில் 5, 6 வளிமண்டல அழுத்தத்தில் பெட்ரோலும், அதைத் தீப்பற்றவைக்கக்கூடிய சூட்டில் டர்போவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. அழுத்தத்தை வெளியேற்றாமல் எந்த இணைப்பையும் தளர்த்தக் கூடாது. தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். வெடித்த பழைய ரப்பர் குழாய்கள் காரைக் கிளம்ப விடாமல் செய்வதோடு நிற்பதில்லை, காரையே எரித்துவிடக்கூடியவை.

பிற்காலத்தில் இந்த நோய் எப்படி அடங்கியது? கார் நின்ற பிறகும் குளிர்விப்பது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. டர்போவின் தாங்கியில் தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாவது இன்னொரு தொல்லை. வேகமாக ஓடிய காரை நிறுத்துமுன் சிறிது நேரம் மெல்ல ஓடவிடுங்கள் என்று கையேடுகள் ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டது அதனால்தான். 1985-இல் வந்த போர்ஷே 944 டர்போவில் தாங்கியைச் சுற்றி நீர் ஓடியது. எஞ்சினை நிறுத்திய பிறகும் ஒரு சிறு மின்சார பம்பு அந்த நீரைச் சுற்றவைத்தது. எரிபொருள் பம்புகள் தொட்டிக்குள்ளேயே போய்விட்டதால், உறிஞ்சுவது என்ற பேச்சே இல்லாமற்போயிற்று. சாவியைத் திருப்பியதும் ஓரிரு வினாடிகள் தானே ஓடி அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் பம்புகளும் வந்தன. பட்டறையின் சோதனையே காரின் வழக்கமாகிவிட்டது! 911 டர்போ மட்டும் கே-ஜெட்ரானிக்கை எளிதில் விடவில்லை. 1993-இல் வந்த 3.6 லிட்டர் காரிலும் அது இருந்தது. 1995-இல் வந்த இரட்டை டர்போ காரில்தான் கணிப்பொறி முறை அதன் இடத்தைப் பிடித்தது.

பழைய கார்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்கு ஊற்றும் பெட்ரோல் பழையது அன்று. 2011-இல் ஜெர்மனியில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. தனி எத்தனாலின் ஆவியழுத்தம் பெட்ரோலைவிடக் குறைவு. அப்படியானால் கலவையின் ஆவியழுத்தமும் குறைய வேண்டும் அல்லவா? நடப்பது எதிர்மாறு. சிறிதளவு எத்தனால் சேர்த்தால் கலவையின் ஆவியழுத்தம் கூடுகிறது. ரவுல்ட் விதியிலிருந்து விலகும் கலவைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் நான் தேட வேண்டியதில்லை. சுத்திகரிப்பு ஆலைகள் இதை அறிந்து அடிப்படைப் பெட்ரோலின் சேர்மானத்தை மாற்றி ஈடு செய்கின்றன. ஆனால் பழைய ரப்பர் வகைகள் சிலவற்றை எத்தனால் ஊதச் செய்து நலிவிக்கிறது. அதை ஆலை ஈடு செய்ய முடியாது. சவ்வையும் வளையங்களையும் புதிய வகை ரப்பரில் மாற்றிக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு.

குளிர்நாடுகளில் பருவத்தையும் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் எஞ்சின் எளிதில் கிளம்புவதற்காக, ஆலைகள் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. தொட்டியில் பனிக்காலப் பெட்ரோல் மிச்சமிருக்க, வசந்தத்தின் முதல் வெயில் நாளில் வெளியே எடுத்த கார் முரண்டு பிடித்தால், அழுத்தமானியைத் தேடுமுன் அந்தப் பெட்ரோலைத் தீர்த்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அதுவரை, நிறுத்தியவுடன் பின்மூடியைத் திறந்து வைத்தால் சூடான காற்று தானே மேலெழுந்து வெளியேறும். திரும்பி வரும்போது கார் கிளம்பும் வாய்ப்பும் கூடும்.